ரசம் குடித்தால் வயிற்றுப் புற்றுநோய் வராது என்பது தவறு

“வயிற்றுப் புற்றுநோய் வெள்ளைக்காரன் வியாதி, ரசமும் மஞ்சளும் சாப்பிடும் மதுரைக்காரனுக்கு வருவது வெறும் கேஸ்தான்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணே. 2022-இல் உலகில் சுமார் 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. அதில் பெரும்பங்கு ஆசியாவில்தான். முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. நம் நாட்டில் ஏராளமானோர் வயிற்றில் அது இருக்கிறது, ரசத்துக்கு அடங்காது. ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் ஒழிக்க வேண்டும். புகையிலையும் ஒரு காரணம்.

என் சித்தப்பாவுக்குக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. எட்டு மாதம் அவர் சட்டைப் பையில் கேஸ் மாத்திரை அட்டை இருந்தது. மலம் தார் மாதிரி கறுத்தபோதும் “சூடு” என்றே சொன்னார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனைக்கு, சம்மதித்தார். பத்து நிமிட வேலை அது. ஆனால் அந்த எட்டு மாதத்துக்குள் வயிற்றுப் புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் அறுவை சிகிச்சை செய்திருக்கலாம்.

சரி, செலவுதான் பயம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, சோறு விழுங்கும்போது அடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.