அளந்தது நீங்கள், தண்டம் எங்களுக்கா?

ஜன்னலுக்கு ரோலர் பிளைண்ட், அதாவது சங்கிலியை இழுத்தால் உருளையில் சுருண்டு ஏறுகிற திரை, போட்டோம். அளவு எடுத்தது கடைக்காரர். திரையைச் செய்தது கடைக்காரர். வந்து மாட்டியதும் கடைக்காரர். பொருந்தவில்லை என்றால் மட்டும், "உங்க ஜன்னல் கோணலுங்க்கா" என்று பழி வீட்டுக்காரர் தலையில். வயிறு எரிகிறது.

ஜன்னல் கோணலாகத்தான் இருக்கும். செங்கல் அடுக்கிக் கையால் பூசிய எந்தச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்திருக்கிறது? அதனால்தான் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறியதை எழுத வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என்று பார்க்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் நடுவில் ஒருமுறை டேப்பைப் பிடித்தார், "நாலடிங்க" என்றார், செல்போனில் குறித்துக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார். திரையைத் தாங்கும் பிராக்கெட் உட்காரப்போவது மேலே. அங்கே அகலம் 8 மில்லிமீட்டர் குறைவு. மாட்ட வந்த அன்று பிராக்கெட் உள்ளே போகவே இல்லை. திரையை எடுத்துப்போய், துணி சுருளும் டியூப்பையும் துணியையும் வெட்டிக் கொண்டுவருவார்கள் என்று பார்த்தால், பையிலிருந்து உளியை எடுத்துப் பூச்சைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். போன தையில் பெயின்ட் அடித்த சுவர் அது! டெய்லர் தைத்த சட்டை தோளில் பிடித்தால் சட்டையைத்தான் பிரிப்பார், தோளைச் செதுக்க மாட்டார்.

படுக்கையறைக்கு 'பிளாக்அவுட்' துணி. என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர், அதற்காகத்தான் வாங்குகிறோம் என்று கடையிலேயே சொல்லிவிட்டேன். "பகல் பன்னெண்டு மணிக்கும் கும்மிருட்டா இருக்குமுங்க" என்றார்கள். துணி வெளிச்சத்தை விடாது, அது உண்மை. ஆனால் பிராக்கெட்டுக்கும் சங்கிலி ஓடும் சக்கரத்துக்கும் இடம் விட்டுத்தான் துணியை வெட்டுகிறார்கள். மொத்த அகலத்தைவிடத் துணி சுமார் 3 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். ஜன்னல் குழிக்குள் மாட்டினால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கோடு போட்டு இறங்கும். குழிக்கு வெளியே, சுவர்மேல், பக்கத்துக்கு ஒரு 10 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு மாட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தினமும் இதே வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். குழிக்குள் மாட்டினால் துணி மிச்சம், வேலையும் சுருக்கம். கேட்டால், "அது அப்படித்தானுங்க வரும்." அப்படித்தான் வரும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்வதற்கு என்ன?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது ஹாலில் மாட்டிய 'சன்ஸ்கிரீன்' துணி. சின்னச் சின்ன ஓட்டையோடு நெய்த துணி. ஓட்டை எவ்வளவு என்பதை 3 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று சொல்வார்கள். சதவீதம் கூடக் கூட வெளிச்சமும் கூடும், மறைவு குறையும். அடர்ந்த நிறம் என்றால் வெளியே பார்க்கத் தெளிவாக இருக்கும், வெளிர் நிறம் என்றால் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், உள்ளங்கை அளவுத் துண்டுகள் ஒட்டிய ஆல்பத்தை நீட்டி, "கலரைச் சொல்லுங்க்கா" என்றார்கள். அப்புறம் அந்தப் பெரிய வாக்குறுதி: "உள்ள இருந்து பாத்தா வெளிய தெரியும், வெளிய இருந்து பாத்தா உள்ள தெரியாது."

பாதிதான் உண்மை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அதனால் உள்ளே தெரியாது. ராத்திரி லைட் போட்டால் அப்படியே தலைகீழ். தெருவில் நிற்பவருக்கு ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது வரை தெரிகிறது. எதிர்வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிற வீடு இது. அத்தை அன்றைக்கே பழைய சேலையை எடுத்து அந்த விலை உயர்ந்த திரைக்கு மேல் கட்டிவிட்டார்.

காற்றைப் பற்றி யோசித்தார்களா என்றால் அதுவும் இல்லை. வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கத்தில் கதவையே அறைந்து சாத்தும். ஜன்னலைத் திறந்து வைத்தால் திரை பாய்மரம்போல எழும்பி, அடிக்கம்பி கிரில்லில் மோதி, விடிய விடிய டம் டம் என்று சத்தம். பக்கவாட்டில் வழிகாட்டிக் கம்பியோ சேனலோ போட்டால் அடங்கும். "ஜன்னலைத் திறந்து வைப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கொங்கு நாட்டில் கடை வைத்துக்கொண்டு காற்றை மறக்கலாமா?

சங்கிலியை நினைத்தால் பதறுகிறது. தரையைத் தொடுகிற மாதிரி வளையமாகத் தொங்க விட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வளையம் கழுத்தில் மாட்டி உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் இறந்திருக்கின்றன. ஐரோப்பாவில் வீட்டுக்குள் மாட்டும் திரைகளுக்கான இ.என். 13120 என்ற தரவிதியிலேயே இதற்கும் விதி இருக்கிறது. சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன கிளிப்பும் இரண்டு திருகாணியும் போதும். எங்களுக்கு வந்த பெட்டியிலேயே அந்தக் கிளிப் இருந்தது. மாட்டாமல் அட்டையோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாத்தனார் பையன் தவழ்கிற வயசு.

கணக்கு வேறு. பாத்ரூம் ஜன்னல் இரண்டடிக்கு இரண்டடி, நாலு சதுர அடி. சீட்டில் பத்து. "மினிமம் பத்துங்க." அதையும் முன்னால் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேட்டால் வெள்ளைத் துண்டுச்சீட்டை நீட்டுகிறார்கள். அளவுக்குச் செய்ததால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். நான் சொன்ன அளவுக்குச் செய்து நான் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு நியாயம். அவர்களே அளந்து, அவர்களே தப்பு செய்தால்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தராததும் அப்படித்தான்.

திருப்பூரில் பனியனின் அளவு தப்பினால் சரக்கையே தள்ளிவிடுவார்கள். கரூரிலிருந்து ஜன்னல் திரைகள் கடல் தாண்டிப் போகின்றன. வெளிநாட்டுக்காரருக்கு அளவு பிசகாமல் அனுப்பத் தெரிந்த இந்த மண்ணில், உள்ளூர் ஜன்னலுக்கு மட்டும் "நாலடிங்க" போதுமா?

இப்போது மீதிப் பணம் கேட்டுப் போன் மேல் போன். சொல்லிவிட்டேன்: படுக்கையறைத் திரையை மாற்றுங்கள், கொத்திய சுவரைப் பூசிப் பெயின்ட் அடியுங்கள், கிளிப்பை மாட்டுங்கள், மில்லிமீட்டரில் அளவும் அளந்தவர் பெயரும் எழுதிய பில்லைக் கொடுங்கள், பணம் அன்றைக்கே வரும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப்போகிறேன்.