ஆறு மாதம் தாண்டினாலும் பயிற்சி வீணல்ல

“மூளையில் அடிபட்டவருக்கு ஆறு மாதத்துக்குள் நினைவாற்றல் திரும்பாவிட்டால் பிறகு எந்தப் பயிற்சியும் வீண்” என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு குறையும், ஆனால் நின்றுவிட வேண்டியதில்லை. இழந்த நினைவாற்றல் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவும்தான் மறுவாழ்வு நரம்பு உளவியல், அதாவது மூளை பாதிப்புக்குப் பிறகும் அன்றாட வாழ்வை நடத்த உதவும் துறை, இருக்கிறது.

பிரிட்டனில் நரம்பு உளவியலாளர் பார்பரா வில்சன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் நினைவாற்றல், திட்டமிடல் போன்றவற்றில் சிக்கல் உள்ள 143 பேர் பங்கேற்றனர். அவர்கள் இடுப்பில் செருகிய பேஜர் (குறுஞ்செய்தி பெறும் சிறு கருவி) உரிய வேளையில் ஒலிக்கும். செய்ய வேண்டிய வேலை திரையில் தெரியும். ஆய்வை நிறைவுசெய்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தனர்.

அந்தச் செய்தியை நம்பிப் பயிற்சியை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து மீண்டும் நிபுணரைப் பாருங்கள்.