'சும்மா டிராவா?' என்று கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டியின் நான்காவது சுற்று முடிந்து அரங்கை விட்டு வெளியே வந்தேன். "ஜெயித்தாயா?" என்றார் வாசலில் நின்ற நண்பர். டிரா என்றேன். "சும்மா டிராவா?" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பிவிட்டார். அந்தச் 'சும்மா' எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கறுப்புக் காய்கள். எதிரே ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடி. நடு ஆட்டத்தில் கவனம் பிசகி ஒரு சிப்பாயை இழந்தேன். பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் அவனிடம் ராஜா, யானை, நடுவரிசைச் சிப்பாய் ஒன்று. என்னிடம் ராஜாவும் யானையும் மட்டும்.

பார்ப்பவர்களுக்கு அது தோற்ற ஆட்டம். ஆனால் அந்த நிலையைக் காப்பாற்றும் வழியை பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777இலேயே எழுதிவைத்துவிட்டார். ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நிற்க வேண்டும். யானை என் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையைக் காக்க வேண்டும். அந்த வரிசைக்குள் எதிரி ராஜா காலெடுத்து வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் அவன் சிப்பாயை அங்கே தள்ளிய மறுகணம், யானை பலகையின் மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ராஜா ஒளிந்திருக்கக்கூடிய கட்டத்தில் இப்போது அவன் சிப்பாயே நிற்கிறது!

படிக்க எளிது. நான்கு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, சில விநாடிகளே மிச்சமிருக்க, யானையை ஒரு வரிசை தள்ளி வைத்தாலும் ஆட்டம் போயிற்று என்று தெரிந்துகொண்டே அதைச் செய்வது வேறு.

பன்னிரண்டு நகர்த்தலில் கைகுலுக்கி எழுந்துவிடும் டிராக்கள் மீது எனக்கும் மரியாதை இல்லை. ஆனால் 2018இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் பட்டப் போட்டியில் நார்வேயின் கார்ல்சனும் அமெரிக்காவின் கருவானாவும் 12 ஆட்டங்களையும் டிரா செய்தபோது 'சலிப்பு' என்று எழுதியவர்கள், முதல் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். 115 நகர்த்தல்கள், ஏறக்குறைய ஏழு மணி நேரம். தோல்வியின் விளிம்பிலிருந்த கருவானா, யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தினார்.

பையனின் அப்பாவும் 'டிரா' என்றதும் முகம் வாடினார். பிள்ளைகளிடம் அந்த முகத்தைக் காட்டாதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். அவன் பிழை எதுவும் செய்யவில்லை. என்னை நான்கு மணி நேரம் மூச்சுத் திணற வைத்தவன் அவன்.

அவனோ பக்கத்து மேசையில் அதே நிலையை மறுபடி அடுக்கியிருந்தான். "அங்கிள், நான் சிப்பாயைத் தள்ளாமல் காத்திருந்தால்?" என்றான். உட்கார்ந்தேன். அடுத்த சுற்றுக்கு அழைக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.