ரசீதில் எண் இல்லை

நேற்றிலிருந்து எல்லோருடைய சுவரிலும் அந்தப் போட்டோதான். ஒரு மியூசியத்தின் பின்வாசல், மழை, தார்ப்பாய்க்குக் கீழே கழித்துப்போட்ட பொருள்களின் குவியல். நான் மறுபடி போடப்போவதில்லை.

"இடமில்லை, கழித்துவிட்டார்கள். இதற்கு ஏன் கூப்பாடு?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். கழிக்கக்கூடாது என்று யார் சொன்னது? எழுதிவிட்டுக் கழியுங்கள் என்கிறேன். வரும்போது பதிவேட்டில் ஒரு வரி, பொருளின் அடியில் ஒரு எண். போகும்போதும் ஒரு வரி: ஏன், யார் முடிவு, எங்கே போகிறது. கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு போன். வேறு மியூசியத்துக்கு வேண்டுமா என்று ஒரு கடிதம். இதென்ன ராக்கெட் விடுகிற வேலையா?

எங்கள் பாட்டா பனையேறி. மார்த்தாண்டம் பக்கம். ஏறுவதை நிறுத்தியபோது, பனையேற உதவுகிற முருக்குத்தடியையும் அரிவாள்பெட்டியையும் ஒரு காட்சிக்கூடத்துக்குக் கொடுத்தார். கை பட்டுப் பட்டு வழவழத்த தடி. பெட்டியின் உள்பக்கம் அரிவாள் உரசிக் கோடு கோடாக இருக்கும். "ஒனக்க பிள்ளைய நாளைக்குப் பாக்கட்டும் மக்களே" என்றார். கிடைத்த அரைத்தாள் ரசீதை பைபிளுக்குள் வைத்திருந்தார். அதில் தேதி உண்டு, கையெழுத்து உண்டு. எண் இல்லை.

நாலு வருஷம் முன்பு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை. அங்கிருந்தவர் சொன்னார்: "ரெஜிஸ்டர்ல இல்லாத சாமான் எப்பிடி சார் காணாமப் போகும்?" கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

உடனே வருவார்கள், "வெளிநாட்டில் இப்படி நடக்குமா" என்று. நடக்கும் அண்ணாச்சி. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2000 பொருள்கள் களவு போனது, சேதமானது, காணாமல் போனது 2023இல் வெளியே வந்தது. பல பொருள்கள் பதிவேட்டில் சரியாக ஏறவே இல்லை. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவு போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எப்படி வந்தது என்று அன்றைக்கே ஒழுங்காகத் துருவியிருந்தால், 2014இல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்காது. எங்கேயும் ஒரே வியாதிதான், எழுதாத வியாதி.

"நடராஜரும் தடியும் ஒன்றா? தடி தொல்பொருளே இல்லையே" என்பவருக்கு: 1972ஆம் வருஷச் சட்டப்படி 100 வருஷம் ஆக வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தானே 100 வருஷம் ஆகும்?

இன்னொருவர், "பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது, கேரளத் தொல்லியல் துறை வைத்திருக்கிறது, அதை எழுதேன்" என்கிறார். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956இலிருந்து இதே பாட்டு. என்ன எழுத? தரை இன்னும் கண்ணாடிபோல மின்னுகிறது, ராஜாவின் கட்டில் பத்திரமாக இருக்கிறது. ராஜா படுத்தது அல்லவா, இருக்கும். பனங்காட்டில் விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்தவனின் தடிக்குத்தான் இடமில்லாமல் போகும். சரி, விடுங்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

அந்தப் போட்டோவில் இடது ஓரம், தார்ப்பாய்க்கு வெளியே ஒரு மரத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முருக்குத்தடியா, விறகா என்று தெரியவில்லை. கடைசியில் வெறும் கட்டம் கட்டமாகிவிட்டது.