பாட்டு நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் பாட்டு வாத்தியார் வீடுகளில், நாகஸ்வரக்காரர் வீடுகளில் பரண் மேல் இன்னும் பாட்டு நோட்டுகள் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் எடைக்குப் போவது அதுதான். "ஜெராக்ஸ் எடுத்தாச்சே, இனிமே எதுக்கு?" என்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். வாத்தியார் பாடப் பாட வீட்டுக்காரம்மா எழுதிய சாகித்யம் (பாட்டு வரிகள்), மேலே அவர் பிறகு போட்ட ஸ்வரம் (ச ரி க ம எழுத்துகள்), பின்னட்டையில் பால் கணக்கு என்று இரண்டு பேர் குடும்பம் நடத்திய விதமே அதில் இருக்கிறது.

இதே மாதிரி குடும்ப நோட்டு ஜெர்மனியிலும் உண்டு. இசையமைப்பாளர் பாக் 1721 டிசம்பர் 3 அன்று பாடகி அன்னா மக்தலேனாவை இரண்டாம் தாரமாகக் கட்டினார். அந்த அம்மாவுக்கென்று 1722இல் ஒரு நோட்டு, 1725இல் இன்னொன்று. 1725 நோட்டு பாக் கையெழுத்தில் இரண்டு பெரிய இசை உருப்படிகளோடு தொடங்குகிறது. அப்புறம் பெரும்பாலும் மனைவியின் கைதான். நடுவில் பிள்ளையின் கையும் வரும். பியானோ படிக்கும் பிள்ளைகள் வாசிக்கிற அந்த ஜி மேஜர் மினுவெட் என்ற சிறு நடன இசை, இந்த நோட்டில் இருந்ததாலேயே வெகுகாலம் பாக் பெயரில் ஓடியது. இயற்றியவர் பெட்சோல்ட் என்ற வேறொரு இசையமைப்பாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. நோட்டு ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது, எழுதிய கை வேறொருவருடையது. "தாத்தா நோட்டில் இருக்கு, அதனால் தாத்தா போட்டது" என்று நாமும் அச்சடித்துவிடக் கூடாது.

ஜெராக்ஸ் ஏன் போதாது? தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) ஸ்வரத்துக்கு மேலே புள்ளி, மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) ஸ்வரத்துக்குக் கீழே புள்ளி. வெளிறிப்போன மைப்புள்ளி நகலில் விழாது. ஸ்வரம் ஸ்தாயி மாறிவிடும். ஆதி தாளத்தில் அமைந்த கீதம் (ஆரம்பப் பாடப் பாட்டு) என்றால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம் (தாள எண்ணிக்கை), 4, 2, 2 என்று பிரித்துக் கோடு. காற்புள்ளி ஒரு அட்சரம், அரைப்புள்ளி இரண்டு. எண்ணினால் 7தான் வருகிறதா, ஒரு காற்புள்ளி விழவில்லை. இதையாவது கண்டுபிடித்துவிடலாம். நீல மையில் அம்மா எழுதியதன் மேல் அவர் பென்சிலால் அடித்துத் திருத்தியது கறுப்பு வெள்ளையில் ஒரே கறுப்பாகிவிடும். யார் எழுதினார், யார் திருத்தினார் என்பது அதோடு போயிற்று.

காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம், பிளாஷ் இல்லாமல் கலரில் போட்டோ எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், நடுவில் செருகிய துண்டுச்சீட்டு எதையும் விடாதீர்கள். அழிந்த பென்சில் கோட்டுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். பக்க எண், ராகம், தாளம், எந்த மை, யார் கை என்று தனியாகக் குறித்துவையுங்கள். கையெழுத்தை அடையாளம் சொல்லும் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் ஊரில் எமன். ஈரத்தில் ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்கள்; நிழலில், காற்றாட உலரட்டும். பேனா மை தண்ணீரில் ஓடும், ஈரத்துணியே படக்கூடாது. செலோடேப் பழுத்துத் தாளைக் கெடுக்கும். லேமினேஷன் செய்தால் பிரிக்கவே முடியாது. கஞ்சி போடாத வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும்.

செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்துக்குப் பாக் எழுதிய தனி உருப்படிகளுக்கு அவர் கைப்பிரதி கிடைக்கவில்லை. இன்று அச்சாகும் பதிப்புகளுக்கு முக்கிய ஆதாரம் அன்னா மக்தலேனா படியெடுத்த பிரதிதான். உங்கள் வீட்டு நோட்டை அச்சில் போடும்போது, எழுதியவர் என்று பாட்டியின் முழுப்பெயரையும் போடுங்கள். நோட்டில் அந்தப் பெயர் இருக்காது. கல்யாணப் பத்திரிகையைத் தேடிப் பாருங்கள்.