"பாஸ்வேர்ட் பிழை" என்று இனி எனக்குச் சொல்லாதீர்கள்

மூன்று நாள்! காலபோக அறுவடை உச்சத்தில் நிற்கிற நேரத்தில், மூன்று நாளாக எங்கள் நெல் கொள்வனவு நிலையத்துக் கணினியால் வவுனியாவில் இருக்கிற தலைமைக் கந்தோர் சேர்வருக்குள் போக முடியவில்லை. இங்கே புதுக்குடியிருப்பில் படலைக்கு வெளியே லாண்ட்மாஸ்டர்கள் வரிசையில் நின்றன. பெட்டி நிறைய ஈர நெல். மெசினால் வெட்டிய கையோடு கொண்டுவந்த நெல்லை படங்கால் மூடி வைத்திருந்தால் உள்ளே சூடேறிவிடும், மணக்கத் தொடங்கிவிடும். எடை போடலாம், ஈரப்பதம் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு விவசாயியின் கணக்கும் அந்தத் தரவுத்தளத்தில்தான் கிடக்கிறது. அது திறக்காவிட்டால் துண்டு அடிக்க முடியாது, துண்டு இல்லாவிட்டால் காசு இல்லை.

"பிள்ளை, இன்னும் வரேல்லையோ?" என்று ஒரு ஐயா ஜன்னலடியில் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம்கூடக் கோபப்படவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பேசாமல் வண்டியைத் திருப்பி, வீதிக்கரையில் நின்ற வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதப் பாடு அது.

தலைமைக் கந்தோருக்கு அடித்தால் ஒரே பதில்தான். "இஞ்ச எல்லாருக்கும் வேலை செய்யுது தங்கச்சி. பாஸ்வேர்டைச் சரியா அடிச்சுப் பாருங்கோ." சேர்வருக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறவருக்கு வேலை செய்யாமல் என்ன செய்யும்? அவர் அதே வலையமைப்பு, அதே டொமைன், அதாவது கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கிற ஒரே குடும்பம். நாங்கள் வேறு. எங்கள் கணினிகள் தனியாக வந்தவை, தனி டொமைனில் இருப்பவை. இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருப்பது ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்கூடாகப் போகிற ஒரு தனிப் பாதை மட்டும். முந்தின கிழமை அவர்கள் புதுச் சேர்வர் போட்டு, ரவுட்டரையும் மாற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

முதல் நாள் "பிங் பண்ணிப் பாருங்கோ" என்றார்கள், அதாவது சேர்வரைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சேர்வரின் முகவரியான 192.168.1.10 என்று அடித்தேன், பதில் வந்தது. "பாத்தீங்களோ, நெட்வேர்க் சரி, அப்ப பாஸ்வேர்ட்தான் பிழை" என்று போனை வைத்துவிட்டார். நானும் நம்பி அதே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது, பதில் வந்த நேரம் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவு. எங்கள் 4ஜி இணைப்பில் வவுனியாவுக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் எந்த வகையிலும் காணாது. எழும்பிப் போய்ப் பிரிண்டரின் வயரைக் கழற்றினேன். பிங் நின்றுவிட்டது. காலையிலிருந்து எனக்குப் பதில் சொன்னது என் முதுகுக்குப் பின்னால் இருந்த பிரிண்டர்! அவர்களின் புது ரவுட்டரும் 192.168.1, எங்களுடையதும் 192.168.1. அதனால் என் கணினி வவுனியாச் சேர்வரை இந்த அறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. 192.168 என்ற தொடரில் 0 முதல் 255 வரை 256 வலையமைப்புகளுக்கு இடம் இருக்கிறது. பெட்டியில் வந்தபடியே 1ஐ விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, தூரத்தில் ஒரு கிளை இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. எங்கள் ஊருக்குள்ளால் போகிற ஏ35 வீதியை ஞாபகம் வைத்து எங்கள் பக்கத்தை 192.168.35 என்று நானே மாற்றினேன். அவர்கள் விபிஎன் பாதையைத் திருத்தி முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது.

இரண்டாம் நாள் சேர்வர் வரை போக முடிந்தது, தரவுத்தளத்தைத் தொட முடியவில்லை. "1433 போர்ட் திறந்துதான் இருக்கு" என்றார்கள். போர்ட் என்றால் சேர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள இலக்கமிட்ட கதவு, 1433 தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல்லின் வழக்கமான கதவு. சரி, ஆனால் புதுச் சேர்வரில் எஸ்கியூஎல்லைத் தனிப்பெயர் வைத்து நிறுவியிருக்கிறார்கள். அப்படி நிறுவினால் அது வழக்கமாக வேறொரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். எது என்று கேட்டால் சொல்கிற பிரவுசர் சேவை யூடிபி 1434 என்ற போர்ட்டில் இருக்கிறது, அதை அவர்களின் காவலரணான பயர்வோல் மறித்துவிட்டது. இதைச் சொன்னதற்கு அங்கே ஒருவர் தந்த யோசனை, "அப்ப எல்லாத்தையும் இன்ரநெற்றுக்குத் திறந்து விடுவம்." எனக்கு நெஞ்சு பதறியது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது இதே 1434 வழியாகத்தான். விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் அதற்குள் இருக்கின்றன ஐயா!

மூன்றாம் நாள் போர்ட் சிக்கல் ஒருவாறு தீர்ந்து, தரவுத்தளத்தின் கதவடிக்கே போய்விட்டேன். திரையில் வந்தது, "நம்பப்படாத டொமைனிலிருந்து வரும் லொகின், வின்டோஸ் அடையாளத்தைக் கொண்டு நுழைய முடியாது." பிழை எண் 18452. பாஸ்வேர்ட் பிழையாக இருந்தால் வருவது 18456. இரண்டும் வேறு வேறு. இலக்கத்தை வாசித்துக் காட்டினேன், படம் எடுத்து அனுப்பினேன். அப்போதும் பதில், "பாஸ்வேர்டை மாத்தித் தாறம்."

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த இடத்தில்தான். நுழைய வருகிறவனுக்குச் சேர்வர் முழுக் காரணத்தையும் சொல்லாது. சொன்னால் கள்ளனுக்கும் அது உதவும், அது நியாயம். ஆனால் உண்மைக் காரணத்தைத் தன் பதிவுக் கோப்பில் அது எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. மூன்று நாளில் ஒரு தரம் அதைத் திறந்து பார்த்திருந்தால் போதும். நீங்கள் பார்க்காததை நான் இங்கிருந்து இருட்டில் தடவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்கள் டொமைனில் எனக்கு ஒரு கணக்குத் தரச் சொல்லி, வேறொரு கணக்கின் பெயரில் நிரலைத் திறக்கிற ரன்அஸ் கட்டளையை, வலையமைப்புக்கு மட்டும் அந்தக் கணக்கைக் காட்டுகிற நெட்ஒன்லியோடு போட்டு, அந்த அடையாளத்தில் நிரலைத் திறந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு முதல் துண்டு அடித்தது.

கிளைக்கென்று தனி எஸ்கியூஎல் லொகின், அதாவது டொமைனைச் சாராமல் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிற கணக்கு வேண்டும், அதற்குக் கொள்வனவு அட்டவணைகளில் மட்டும் உரிமை போதும். அதற்கு அடையாள முறையை மாற்றிச் சேவையை ஒரு தரம் நிறுத்தி எழுப்ப வேண்டும், ஒரு இரவில் முடிகிற வேலை. போர்ட்டையும் ஒரே இலக்கத்தில் கட்டி, எங்கள் முகவரியிலிருந்து மட்டும் திறந்துவிடுங்கள். இப்போது இருக்கிறபடி விட்டால், மின்சாரம் போய் வந்து சேவை மறுபடி எழும்பும்போது அந்த இலக்கம் மாறலாம். இதை நான்கு தரம் கேட்டுவிட்டேன், இரண்டு தரம் எழுத்தில். நாளைக்கு விசுவமடுப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வருகின்றன.