இரு சக்கரம் என்றால் எத்தனை சக்கரம்?

எங்கள் குடியிருப்பின் இரு சக்கர வாகனக் கொட்டகையில் என் சைக்கிளுக்கு இடம் தராத விவகாரத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று வியாழக்கிழமைப் பதிவில் சொல்லியிருந்தேன். முடியவில்லை. அந்தப் பதிவுக்குக் கீழே குவிந்திருக்கும் ஆறுதல்களைப் படித்தபிறகு சும்மா இருப்பது உடம்புக்கு ஆகாது. "விடுங்கள், இரண்டு வருடம்தானே." "போன இடத்தில் எதற்குச் சண்டை?" "அந்தமானில் உட்கார்ந்துகொண்டு சைக்கிளுக்கு அழுகிறாயே, கொடுத்து வைத்தவள்." இந்த மூன்றாவது ஆறுதல் என் உடன்பிறந்த அண்ணனுடையது. கூடவே ஒரு தென்னைமரப் படமும் போட்டிருக்கிறான்.

நான் சுற்றுலா வரவில்லை. மாற்றல் உத்தரவில் இரண்டு வருடத்துக்குப் போர்ட் பிளேர் வந்திருக்கிறேன். எனக்கு இங்கே பால் கணக்கு இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, போன மாதம் ஐந்து நாள் காய்ச்சல்கூட இருந்தது. இரண்டு வருடம் என்பதால் அது வாழ்க்கை இல்லாமல் போய்விடாது.

குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் ஒன்றும் புதுக் கொட்டகை கேட்கவில்லை. இருக்கிற இரு சக்கர வாகனக் கொட்டகையில் சைக்கிளைச் சாய்த்து வைக்க ஒரு மூலை கேட்டேன். "மேடம், அது டூ வீலருக்கு" என்றார்கள். "சைக்கிளுக்கு எத்தனை சக்கரம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதன்பிறகுதான் பொறுப்பில் இருப்பவர் (நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்) குரலைத் தாழ்த்தி இந்தியில் சொன்னார்: "நீங்கள் போகப்போகிறவர்கள். இங்கேயே இருக்கிறவர்களை முதலில் பார்க்க வேண்டாமா?" மறுநாள் மாலை வேலையிலிருந்து திரும்பினால் கொட்டகை ஓரத்தில் நான் நிறுத்தியிருந்த சைக்கிள் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தது.

அதே கொட்டகையில் எட்டு மாதமாக அசையாத ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறார். ஊரிலேயே இல்லாத அவர் இருக்கிறவராம். தினமும் விடிவதற்கு முன் எழுந்து மாடிப்படி கூட்டும் நான் போகிறவளாம்.

"சைக்கிள் கொஞ்சம் நனைந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தாலும் கரிசல் புழுதியைத் துடைத்துவிட்டு ஏறிப் போகலாம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வது அதில் பாதிக்கும் குறைவு. மே மாதம் தொடங்கினால் இரண்டு பருவமழையும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு டிசம்பர்வரை வரும். அதோடு உப்புக்காற்று. வந்த புதிதில் மூன்று இரவு வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் காலையில் செயின் மஞ்சளும் சிவப்புமாக, அரைத்து வைத்த மிளகாய் விழுது காய்ந்தாற்போல இருந்தது. பெடலைப் பின்னால் சுற்றினேன். ஒரு கண்ணி மட்டும் மடங்கிய நிலையிலேயே இறுகி நின்றது. டிலானிப்பூர் பக்கம் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் செயினை விட்டுவிட்டு முதலில் சீட் குழாயைத்தான் திருகிப் பார்த்தார். "மாதம் ஒருமுறை இதை உருவி கிரீஸ் தடவு. இல்லையென்றால் உப்பு குடித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது" என்றார். இந்த ஊரில் ஒருவர் எனக்குச் சொன்ன மிகப் பயனுள்ள புத்தி அதுதான். அவர், நீ எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கவில்லை.

அடுத்து ஸ்கூட்டர்க் கட்சி. "இந்த வயதில், இந்த மேட்டில், ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளக்கூடாதா?" மேடு என்பது உண்மை. போர்ட் பிளேரில் (2024 முதல் காகிதத்தில் ஸ்ரீ விஜயபுரம், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்) சமதளம் என்று நான் பார்த்தது விளையாட்டு மைதானம் மட்டும். வீட்டிலிருந்து எங்கே போனாலும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம். திரும்பும்போது அதுவே தலைகீழ். முதல் மாதம் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். ஆட்டோக்காரர்கள் மெதுவாகப் பக்கத்தில் வந்து பரிதாபமாகப் பார்த்தார்கள். இப்போது சின்னக் கியரில் போட்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, ஏறிவிடுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. விடுமுறைக்கு வந்தவள் நான்கு மாதம் மேடு பழகமாட்டாள்.

நேரத்தையும் பழக வேண்டியிருந்தது. கடிகாரம் சென்னையுடையது, சூரியன் மட்டும் இந்த ஊருடையது. ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. மாலை வேலை முடிந்து வெளியே வந்தால் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. டிசம்பரில் ஐந்தே காலுக்கே விளக்குப் போட வேண்டும். ஆகவே சைக்கிள் ஓட்டுகிறவள் கோழியோடு எழ வேண்டும். எழுகிறேன். நாலரை மணிக்கு, சைக்கிளை மூடிய தார்ப்பாயை உதறும் சத்தம் யாருக்கும் கேட்காமல்.

"இந்தத் தீவில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?" என்றும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியின்போது ஒன்பது வயதுக் குழந்தை, மரத்தில் தொற்றி உயிர் பிழைத்தவர், பின்னாளில் நாட்டின் முன்னணி சைக்கிள் வீராங்கனை ஆனார். 2018-இல் ஈசோ ஆல்பென் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். மறு ஆண்டு ஜெர்மனியில் அவரும் இருந்த அணி தங்கம் வாங்கியது. அவரும் இந்தத் தீவுகளின் பிள்ளை. நிக்கோபாரிலிருந்து டேவிட் பெக்காம் என்ற பெயரில்கூட ஒரு சைக்கிள் வீரர் வந்திருக்கிறார். கால்பந்துக்காரர் பெயரை வைத்தார்கள், பிள்ளை சைக்கிள் ஏறிவிட்டது. இவ்வளவு இருந்தும் சைக்கிளுக்குக் கொட்டகையில் இடம் இல்லை.

நான் அவர்கள் வரிசையில் இல்லை, தெரியும். எனக்கு நாற்பத்தாறு வயது, முட்டி வலி. ஒப்பிட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

"அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தானே உரிமை?" என்று மதுரை நண்பர் ஒருவர் நியாயம் பேசியிருக்கிறார். சரி. ஞாயிறு காலைகளில் நான் தீவின் தெற்கு முனையிலிருக்கும் சிடியா டாப்புக்குப் போகும் சாலையில் காலிகட் என்று ஓர் ஊர் வருகிறது. வேறு திசைகளில் மஞ்சேரி, திரூர், வண்டூர். கேரளத்து மலபாரில் 1921-இல் நடந்த மாப்பிளா கிளர்ச்சிக்குப்பின் இங்கே கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் ஊர் நினைவாக வைத்த பெயர்கள். 1858-இல் கைதிகளின் கப்பல், பிறகு ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்கள், பிரிவினைக்குப்பின் வங்காளிகள், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள். ஆதிகுடிகளைத் தவிர இங்கே கப்பலில் வராத குடும்பம் எது? நானும் என் சைக்கிளோடு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி மூன்று நாள் குமட்டிக்கொண்டுதான் வந்தேன்.

"அவர்கள் தங்கிவிட்டார்கள், நீ தங்கமாட்டாய்" என்பீர்கள். இதையே என் மேல்வீட்டு அக்காவும் சொன்னார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான். "மெயின்லேண்டிலிருந்து எத்தனை டீச்சர், எத்தனை டாக்டர், எத்தனை மேனேஜர் வந்தார்கள் தெரியுமா? பழகி முடிப்பதற்குள் கப்பல் ஏறிவிடுகிறீர்கள். கோடையில் தண்ணீர் முறை வைத்து விடும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறீர்கள். எத்தனை பேரிடம்தான் நாங்கள் பழகுவது?" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், அப்படிச் சொன்ன அவர்தான் எனக்கு நீலத் தார்ப்பாயும் கொடுத்தார். சட்டம் பேசியவர்கள் ஒருவரும் கொடுக்கவில்லை.

எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தார். விழுப்புரம், அரக்கோணம், திண்டுக்கல் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தோம். போன ஊரிலெல்லாம் ஒரு சாக்கு மூட்டை பிரிக்கப்படாமல் பரணில் இருக்கும். அம்மாவின் பித்தளைக் குடமும் அண்டாவும் அதற்குள். "மாற்றல் வந்தால் மறுபடி கட்ட வேண்டுமே" என்பார். அரக்கோணத்தில் மட்டும் நான்கு வருடம் இருந்தோம். நான்கு வருடமும் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் குடித்தோம். நான் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தெரு அந்த ஊரில்தான் இருக்கிறது. விழுந்து முட்டி பெயர்ந்ததும் அங்கேதான். ஆனால் அது எங்கள் ஊர் இல்லை என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் அண்ணன் சொல்கிறான். அம்மா காலமானபிறகு மூட்டையை நான்தான் பிரித்தேன். குடத்தில் ஒரு சொட்டைகூட இல்லை. கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி, பச்சை மட்டும் பிடித்துப்போய்.

இதற்கும் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

வரும் ஞாயிறு பத்து மணிக்கு மறுபடி கூட்டம். சிடியா டாப்பு போய் ஐம்பது கிலோமீட்டர் முடித்துவிட்டு, சேறு அப்பிய சைக்கிளோடு நேராக அங்கே போய் உட்காரப்போகிறேன். அந்த ஹைதராபாத் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்பேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

அண்ணா, தென்னைமரப் படம் போதும். இங்கேயே நிறைய இருக்கிறது. கப்பலில் வருகிற யாரிடமாவது 700-க்கு 32 அளவில் இரண்டு டியூப் கொடுத்துவிடு. வால்வு மெல்லியது, ஸ்கூட்டருக்குப் போடும் தடித்தது இல்லை. போன தடவை மாற்றி வாங்கிவிட்டாய்.